மயிலாத்தாளுக்கு ஓர் ஆல்டர்னேட்டர்

ஜூன் 5, புதன்

வேனில் இரண்டாவதாக ஓர் ஆல்டர்னேட்டர் ஏற்றுவதென்று இன்று முடிவு செய்துவிட்டேன். இனி இதில் யாருடைய யோசனையும் தேவையில்லை.

மயிலாத்தாள் தன் அண்ணன் வீட்டுக்கு ஒரு தடவை போய்வர வேண்டுமாம். பொள்ளாச்சியிலிருந்து பெதப்பம்பட்டிப் பக்கம், ஒன்றரை மணி நேர ஓட்டம். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் மெஷினை விட்டு அவளால் இருக்க முடியாது. நுரையீரல் கெட்டிப்பட்டுவிட்டது. டாக்டர் அதற்கு மேல் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை.

மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். இன்ஜின் ஓட்டத்தில் கரண்ட் தயாரிக்க வேனில் ஏற்கெனவே இருக்கும் ஆல்டர்னேட்டர், வண்டியின் விளக்குக்கும் ஹாரனுக்குமே திணறுகிறது. மெஷினையும் அதன் தலையில் கட்டினால் நடுவழியில் நின்றுவிடும். ஆகவே இன்னொன்று, அதற்கென்று தனி பேட்டரி, இன்வெர்ட்டர். முதலாவது வண்டிக்கு, இரண்டாவது அவளுக்கு.

மகள் கலாமணி திருப்பூரிலிருந்து போனில் ஆம்புலன்ஸ் என்கிறாள்.

“அதுலயே எல்லாம் இருக்குதுங்கப்பா. இந்த வயசுல வண்டிக்கடியில படுத்துக்கிட்டு உங்களுக்கு எதுக்கு?”

பொறந்த வீட்டுக்குப் போகிறவளை ஆம்புலன்ஸில் அனுப்பச் சொல்கிறாள். போனை வைத்துவிட்டேன்.

மயிலாத்தாள் படுத்தபடியே கேட்டாள்: “ஏனுங்க, எங்கண்ணன் ஊட்டுல பிளக்கு இல்லீங்களா? வழிக்குச் சின்ன சிலிண்டரு போதும். அங்க போயி மாட்டிக்கிட்டா ஆச்சு.”

கிணற்று மோட்டார்களுக்குக் கம்பிக் காயில் கட்டியே குடும்பம் நடத்தியவனுக்கு வாழ்க்கைப்பட்டும் அவளுக்குக் கரண்ட் விஷயம் பிடிபடவில்லை.

ஜூன் 8, சனி

கோயம்புத்தூர் போய் உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகளை மத்தியானம் வரை அலசினேன். உடைத்துப் போட்ட காரிலிருந்து கழற்றிய ஒன்று கிடைத்தது. தண்டைப் பிடித்துச் சுற்றினேன். சத்தமே இல்லை. நெய்யில் சுற்றுவது போல் சுற்றிக்கொண்டே இருந்தது.

“எந்த வண்டிக்குங்க பெரியவரே?” என்றான் கடைக்காரன்.

“சம்சாரத்துக்கு.”

வாயைப் பிளந்தான். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டு அம்மாள், “மிக்சி மோட்டருங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். காற்று ஆரம்பித்துவிட்டது. கிணத்துக்கடவு தாண்டியதும் தென்னந்தோப்புகள் எல்லாம் கிழக்கே தலையைத் திருப்பிக்கொண்டு, யாரோ கூப்பிட்டுப் போகிற மாதிரி நின்றன. ஜன்னலோரம் தூங்கிவிட்டேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போனது.

ஜூன் 11, செவ்வாய்

ஆல்டர்னேட்டரை உட்காரவைக்கத் தாங்கு பிளேட் வெட்டினேன். நூல் பிடித்துப் பார்த்தால் பெல்ட் கோணல். மறுபடி வெட்ட வேண்டும்.

ஜூன் 13, வியாழன்

ஆறுச்சாமியின் லேத்துப் பட்டறைக்குப் போனேன். இன்ஜின் புல்லியில் இன்னொரு பெல்ட் ஓட இரண்டாவது பள்ளம் வெட்ட வேண்டும். என்னைவிட இளையவன், வாய் மட்டும் மூத்தது.

“சென்னியப்பண்ணா, வண்டி ஓடறப்பத்தானே கரண்டு வேணும்? அதுக்கு இத்தன பெருசு என்னத்துக்குங்?”

“நிக்கறப்பவும் வேணும். பொழுதுக்கும் நிக்கோணும்.”

“எங்க?”

“ரோட்டுல.”

“எந்த ரோட்டுல?”

“எம்மச்சான் ஊட்டுக்கு முன்னால.”

லேத்தை நிறுத்திவிட்டான். “அவிங்க ஊட்டுக்கு முன்னால ரோட்டுல நின்னுக்கிட்டு, அவிங்க கரண்டு வேண்டாம்னு சொந்தமாக் கரண்டு தயார் பண்ணப் போறீங்க. அதானுங்களே?”

“நீ பள்ளத்த வெட்டு.”

“இன்னும் அந்தப் புண்ணியார்ச்சனை விசயந்தானா? அந்த ஊட்டுல பூசுன பெயிண்டே உதுந்திருக்கும்ணா. நீங்க உதுரமாட்டீங்களாட்ட இருக்குது.”

நடந்ததை நடந்தபடி இங்கே எழுதி வைக்கிறேன். மயிலாத்தாளின் அண்ணன் கிட்டுசாமி புது வீடு கட்டியபோது வயரிங் நான் செய்து தருகிறேன் என்றேன். ஒயர்ச் சுருள்கூட வாங்கி வைத்துவிட்டேன். அவர் லைசென்ஸ் வைத்திருக்கும் ஆளை வைத்துச் செய்தார். குடிபுகுந்த புண்ணியார்ச்சனை அன்று, பந்தியில் அத்தனை ஒறம்பரைச் சனத்துக்கு நடுவில், “லைசென்ஸ் இருக்கற ஆளு செஞ்சா நமக்குத் தூக்கம் வருமுங்க மாப்ள” என்றார். சிரித்தார்கள். பாதி இலையில் எழுந்தேன். “இந்த ஊட்டுக் கரண்டு எம்மேல படாது. உங்க வாசல நா மிதிக்கல, எம்பட வாசல நீங்க மிதிக்காதீங்க” என்றேன்.

அவரும் மிதிக்கவில்லை. வீம்பு பிடித்த குடும்பம். மயிலாத்தாள் அண்ணனைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்த ஊர் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிடுவேன். அவர் மொபட்டோடு எதிர்ப்பக்கம் நிற்பார். ஒருவரை ஒருவர் பார்க்காமல் அவளைக் கைமாற்றிக்கொள்வோம். இப்போது அவளால் மொபட்டில் போக முடியாது.

ரோடு அரசாங்கத்துடையது. வேன் ரோட்டில் நிற்கும். அவர் தன் கேட் வரை வரட்டும். யாருடைய சொல்லும் கெடாது.

ஜூன் 17, திங்கள்

ஏற்றியாகிவிட்டது. வண்டி ஓடும்போது நன்றாகக் கொடுக்கிறது. நின்ற இடத்தில் இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் தூங்கிப்போகிறது. பேட்டரி ஏறுவதற்குப் பதில் இறங்குகிறது. ஆல்டர்னேட்டர் பக்கத்துப் புல்லியைச் சிறிதாக்கினால் அது வேகமாகச் சுற்றும். ஆறுச்சாமியிடம் போனேன். “நீங்க நின்னாலுந்தான் தூங்கறதில்லியே, அதையும் உங்களாட்டவே பண்ணீரலாம்” என்றான். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து வைக்க ஒரு கம்பியும் கட்டினேன். கொட்டகையில் இன்ஜினை ஓடவிட்டு, மெஷினுக்குப் பதில் குண்டு பல்புகளை எரியவிட்டுப் பார்த்தேன். பொழுது சாயும் வரை ஒரே வெளிச்சம்.

ஜூன் 18, செவ்வாய்

கலாமணி போன். எடுக்கவில்லை.

ஜூன் 22, சனி

இன்று அவளை வைத்து ஓட்டிப் பார்த்தேன். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கயிற்றுக் கட்டிலைப் போல்ட் போட்டுப் பிடித்திருக்கிறேன். காலடியில் மெஷின். அதன் சத்தம் வீட்டில் கேட்கும்போது எரிச்சலாக இருக்கும். வேனுக்குள் அது வேறு மாதிரி இருந்தது. புஸ்ஸென்று ஒரு மூச்சு, கொஞ்சம் சும்மா, மறுபடி ஒரு மூச்சு. வண்டியே மூச்சு விடுவது போல.

ஆழியாறு ரோட்டில் புளிய மரங்களுக்குக் கீழே போனோம். நிழலும் வெயிலும் அவள் முகத்தின் மேல் மாறி மாறி ஓடின. மலை பாதிக்கு மேல் இல்லை. மேகம் தின்றுவிட்டது.

“மெதக்கற மாதிரி இருக்குதுங்க மாமா” என்றாள்.

“ரோடு சரியில்ல. அதான் ஆடுது.”

“ஆடறதச் சொல்லல.” கண்ணை மூடிக்கொண்டாள். “எங்கீமே நிறுத்தாதீங்க. இப்படியே போங்க.”

நிறுத்தவில்லை. அவள் தூங்கிவிட்டாள். அணை வரை போய்த் திரும்பி, ஊரைச் சுற்றி, மறுபடி அணை வரை போனேன். கரண்ட் மீட்டரின் முள்ளையும் கண்ணாடியில் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். முள் அசையவில்லை. ஒரு தடவை எந்த ஊர் ரோட்டில் போகிறோம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அது பெரிய விஷயமாகவும் தோன்றவில்லை.

வீடு வந்து இன்ஜினை அணைத்ததும் விழித்துக்கொண்டு, “ஏன் வந்துட்டோம்?” என்றாள்.

ஜூன் 27, வியாழன்

என்னத்துக்காக இப்போது அண்ணன் வீடு என்று கேட்டேன். மாத்திரையை விழுங்கிவிட்டு, பால் விலையைச் சொல்வது போலச் சொன்னாள்.

“நா போனதுக்கப்பறம் எங்கண்ணன் பொறந்த ஊட்டுக் கோடி கொண்டாந்து எம்மேல போத்துவாரு. புதுச் சீலை. அத நா பாக்கவா போறேன்? என்ன கலருன்னுகூடத் தெரியாது. இப்பவே கையில வாங்கிக் கட்டிக்கறனுங்க.”

“பேச்சப் பாரு.”

“கத்திரிப்பூக் கலரு எடுத்து வெய்யுங்கண்ணான்னு போன்ல சொன்னேன். அண்ணன் அழுவறாரு. பக்கத்துல இருந்த நங்கையாதான் போன வாங்கி, எடுத்து வெக்கறம்னாங்க.”

நான் எடுத்துக் கொடுத்த சீலைகள் பீரோ நிறைய இருக்கின்றன. கத்திரிப்பூக் கலரிலேயே இரண்டு. அதைச் சொன்னேன்.

“அது நீங்க குடுத்தது. இது அவிங்க குடுக்கறது. ரெண்டும் ஒண்ணாயிருமா?”

பெல்ட்டை இன்னொரு சுற்று இறுக்கிவிட்டு வந்து படுத்தேன். பெல்ட் முடிவில்லாமல் நீண்டு, ஊருக்கு வெளியே எங்கேயோ போய்த் திரும்பி வருவதாகக் கனவு. எந்தப் புல்லியில் மாட்டியிருக்கிறது என்று தேடிக்கொண்டே நடந்தேன்.

ஜூலை 1, திங்கள்

காலையில் கிளம்பினோம். உடுமலை தாண்டியதும் காற்றாலைகள் வந்தன. இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று, அவசரமே இல்லாமல் சுற்றின. சோளக் காடு, காற்றாலை, வானம், வேறொன்றும் இல்லை. மயிலாத்தாள் தலையணையைச் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். “எல்லாம் கையக் கையக் காட்டுதுங்க” என்றாள்.

கிட்டுசாமியின் கேட்டுக்கு எதிரே, ரோட்டில், வெள்ளைக் கோட்டைத் தாண்டாமல் நிறுத்தினேன். அவரும் அவர் சம்சாரம், மயிலாத்தாளின் நங்கையா ருக்குமணியும் கேட்டுக்கு உள்ளே நின்றார்கள். அவருக்கு முதுகு வளைந்துவிட்டது. என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. முதுகு வளைந்ததை மட்டும்தான் பார்த்தேன்.

அவர் ரோட்டுக்கு வந்து வேனின் பக்கக் கதவில் கையை வைத்துக்கொண்டு, “மயிலா” என்றார். இன்ஜின் ஓடியது. மீட்டர் முள் நின்ற இடத்தில் நின்றது. இந்த நிமிஷம் வரை என் கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

அப்போது காற்று திரும்பியது. பழைய டீசல் இன்ஜின். ஓடும்போது புகை பின்னால் போய்விடும். நின்றால் அது எங்கே போகும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. திறந்த கதவு வழியாக உள்ளேதான் வந்தது. அவள் இருமத் தொடங்கினாள். அந்த மாதிரி இருமலை நான் கேட்டதில்லை. வண்டியைத் திருப்பிப்போட்டேன். காற்று சுழன்று அந்தப் பக்கமும் வந்தது. கதவை அடைத்தால் அவளுக்குத் திணறுகிறது. உதடு நீலம் பாய்ந்துவிட்டது.

“இன்ஜின நிறுத்துங்க மாப்ள!” அந்தப் பந்திக்குப் பிறகு கிட்டுசாமி என்னிடம் நேராகப் பேசியது இதுதான் முதல் தடவை.

நிறுத்தினேன். மெஷின் தனி பேட்டரியில் ஓடியது. அது ஒரு மணி நேரம் தாங்கும். இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அடங்கியதும் மயிலாத்தாள் என்னைப் பார்க்காமல், “அண்ணா, என்னய உள்ள கூட்டிட்டுப் போங்க” என்றாள்.

ருக்குமணி அவளைத் தாங்கிக்கொண்டாள். வேனில் கைக்காவலுக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரைக் கிட்டுசாமி தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தார். பிறகு வந்து மெஷினைத் தூக்கிப் போனார். நான் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டேன். அது ரோட்டுப் பக்கமாகத்தான் திறக்கிறது. ஆகவே நான் ரோட்டில்தான் நின்றேன்.

உள்ளே பிளக்கில் மாட்டியிருப்பார்கள். புஸ்ஸென்ற சத்தம் வாசலைத் தாண்டி லேசாகக் கேட்டது.

சாயங்காலம் திரும்பிவிடலாம் என்றிருந்தேன். அவள் ரோட்டுப் பக்கத்து அறையில், ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறாள். அங்கிருந்து போன் செய்தாள். ஜன்னலில் அவள் தெரிகிறாள், போனில் பேசுகிறாள்.

“சித்த இருந்துட்டு வரனுங்க. உள்ள வாங்களேன்.”

“காத்து இங்க நல்லா வருது.”

குறிப்பு: சைலன்சர் குழாயை நீட்டி மேலே தூக்கிக் கட்ட வேண்டும். ஆல்டர்னேட்டரில் குறையில்லை.

ஜூலை 2, செவ்வாய்

வேனிலேயே அவள் கட்டிலில் படுத்தேன். காலையில் ருக்குமணி கேட்டுக்கு மேலாகக் காப்பி நீட்டினாள். “அண்ணா, இது கேஸ் அடுப்புல வெச்சது. கரண்டு கெடையாது. தகிரியமாக் குடிங்க.” அவளும் கிண்டல் பண்ணுகிறாள். குடித்தேன்.

கத்திரிப்பூக் கலர் சீலை கொடுத்துவிட்டார்கள். ஜன்னலில் தெரிந்தது. தோள் மேல் போட்டுக்கொண்டு எனக்குத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். நன்றாகத்தான் இருக்கிறது.

மத்தியானம் முழுவதும் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றையே வெகு நேரம் பார்த்தால் அது நிற்கிறது, நாம்தான் சுற்றுகிறோம் என்று ஆகிவிடுகிறது.

ஜூலை 3, புதன்

இன்று கிளம்ப வேண்டும் என்று போனில் கண்டிப்பாகச் சொன்னேன். அவள் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரி வரை படிக்கிறவள்.

“நாளைக்கு ஒரு நாளு இருந்துட்டுப் போலாமுங்க.”

“நாளைக்கு என்ன?”

“நாளைக்குத்தான்.” ஜன்னலில் சிரிப்பது தெரிந்தது. சிரித்தால் மூச்சு வாங்குகிறது, அதற்கும் சிரிக்கிறாள்.

ஜூலை 4, வியாழன்

காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. போனதை நான்தான் முதலில் கவனித்தேன். புஸ்ஸென்ற சத்தம் நின்றுவிட்டது.

கிட்டுசாமி மேல்துண்டு இல்லாமல் கேட்டுக்கு ஓடி வந்தார். “இன்னிக்கு ஷட்டவுனாமுங்க. மாசப் பராமரிப்பு. சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வருமாம். நேத்துப் பேப்பர்லயே போட்டிருக்கறான். எங்களுக்குத் தெரியலீங்க. மயிலா படிச்சுப்போட்டு ஒண்ணும் சொல்லல.”

அவள் மறந்திருப்பாள். இப்போதெல்லாம் மறதி அதிகம்.

“சிலிண்டரு?”

“மாட்டியாச்சு. மத்தியானம் வரைக்கும் வராதுங்க.”

வேனிலிருந்த ஒயர்ச் சுருளை எடுத்து ஒரு முனையை அவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். நான் ரோட்டில் நின்று ஒயரை விட்டுக்கொண்டே இருந்தேன். பாதி வாசலில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒயர் இழுபட்டு நின்றது. அவரும் நின்றார். அந்த முனையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒயரின் இந்த முனையில் நான். நடுவே கேட்.

“எட்டாதுங்க மாப்ள” என்றார். “வண்டிய உள்ள கொண்டாங்க.”

ஜன்னலில் அவள் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இதை யாரும் பிற்பாடு மாற்றிச் சொல்லக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. வண்டி உள்ளே போனது. நான் வண்டிக்குள் இருந்தேன்.

பின்பக்கத்தைச் சோளக் காட்டுக்குக் காட்டி, புகை காற்றோடு போகும்படி வாசல் கோடியில் நிறுத்தினேன். இன்ஜினைப் போட்டேன். கிட்டுசாமி ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே விட்டார். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு புஸ்ஸென்று கேட்டது. கொஞ்சம் சும்மா. மறுபடி புஸ்.

உள்ளேயிருந்து மயிலாத்தாளின் சத்தம்: “வந்துருச்சுங்க!”

மெஷின் பக்கத்தில் ஒயர் முனையில் சூடு ஏறுகிறதா என்று யாராவது பார்த்தாக வேண்டும். கிட்டுசாமிக்கு அது தெரியாது. பார்த்துவிட்டு வந்தேன். அதற்கு நடந்துதான் போக வேண்டியிருந்தது. போன இடத்தில் அந்தச் சுவரில் இருந்த சுவிட்ச் பெட்டியையும் பார்த்தேன். எர்த்தெல்லாம் சரியாகத்தான் கொடுத்திருக்கிறான் அந்த லைசென்ஸ்காரன். சொல்லவில்லை.

அவள் புதுச் சீலையில் படுத்திருந்தாள். நெற்றியில் வேர்வை. “உங்க கரண்டா இது?” என்றாள்.

“ஆமா.”

“நல்லா குளுகுளுன்னு வருதுங்க.”

கரண்டில் குளிர் எங்கே வரப்போகிறது. ஆனாலும் மறுத்துச் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது கிட்டுசாமி வேனின் பானெட்டுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். “இதுல ரெண்டாவது எதுங்க?” என்றார். காட்டினேன். பெல்ட் எங்கே சுற்றி வருகிறது, புல்லி ஏன் சிறியது, எல்லாம் கேட்டார். சொன்னேன். வெகு நேரம் கேட்டார். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, “இதுல ஒரு ஃபேனும் ஓட்டலாமுங்களா மாப்ள? அவளுக்குப் புழுக்கமா இருக்குது” என்றார்.

கணக்குப் பார்த்தேன். இடம் இருந்தது. “ஒண்ணுன்னா ஓட்டலாமுங்க மச்சான்” என்றேன்.

மேஜை ஃபேன் ஓடியது. கத்திரிப்பூச் சீலையின் முந்தானை எழுந்து எழுந்து தணிந்தது. அவள் தூங்கிப்போனாள். ருக்குமணி இரண்டு நாற்காலி கொண்டுவந்து வேனுக்குப் பக்கத்தில் போட்டாள். உட்கார்ந்தோம். இன்ஜின் சத்தத்தில் பேசினாலும் பாதிதான் கேட்கும். சோளக் காட்டுக்கு மேலே வெள்ளை இறக்கைகள் வந்து வந்து போயின.

மூன்றரை மணி இருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் கிணற்று மோட்டார் தானாக ஓட ஆரம்பித்து, குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வந்தது. கரண்ட் வந்துவிட்டது. எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். தலையை அந்தப் பக்கம் திருப்பினார், பிறகு காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

நானும் இன்ஜினை அணைக்கவில்லை. டீசல் இன்னும் பாதி டேங்குக்கு மேல் இருந்தது.